காற்று நின்ற நேரம்

"ஆள் ரொம்ப காம்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது நற்சான்றிதழ். பேருந்தில் தகராறு முற்றினால் "கொஞ்சம் காமா இருங்க சார்" என்று யாராவது குறுக்கே வருவார். பரீட்சைக்குப் போகும் பிள்ளையிடம் "பதறாம, காமா எழுதுப்பா" என்கிறோம். ஆங்கிலம் பேசாத வீடுகளிலும் இந்தச் சொல் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. கோபம் தணிந்தது, மனசு அடங்கியது, இனிப் பயமில்லை என்பதுதான் நாம் இதற்கு வைத்துக்கொண்ட பொருள்.

இதே சொல் இன்னொரு இடத்திலும் நாள் தவறாமல் புழங்குகிறது. சென்னை விமான நிலையத்திலிருந்து அரை மணிக்கு ஒருமுறை வானிலை அறிக்கை வெளியாகும். எழுத்தும் எண்ணுமாகச் சுருக்கி எழுதிய ஒற்றை வரி. அதில் காற்றுக்கு ஐந்து இலக்கம் ஒதுக்கியிருப்பார்கள். முதல் மூன்று காற்று வரும் திசை, அடுத்த இரண்டு வேகம். மார்கழி, தை விடியற்காலைகளில் அந்த இடத்தில் ஐந்து சுழியம் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம்: 00000. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் விமானிக்கு அதை வாசிக்கும்போது "விண்ட் காம்" என்பார். காற்றின் வேகம் ஒரு நாட்டுக்கும் குறைவு என்று அர்த்தம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். நாம் நிதானமாக நடக்கும் வேகத்தில் பாதிகூட வராது.

வானிலை என் தொழில் கிடையாது. ஆனால் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கடலோரத்தில் பிறந்தவனுக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தால் கண் தானாக அந்த அறிக்கைகளுக்குப் போய்விடும். அப்படிப் படித்துப் படித்துத்தான் இந்தச் சொல்லின் இன்னொரு முகம் எனக்குப் பழகியது. காற்றை நம்பிப் பிழைத்தவர்கள், காற்றால் அடிபட்டவர்கள் யாரும் இதை ஆறுதலாகச் சொன்னதில்லை. அவர்களுக்கு இது ஒரு கணக்கு. காற்று இப்போது இல்லை, அவ்வளவுதான். அடுத்து எங்கிருந்து வரும், எப்போது வரும், அதற்குள் என்ன செய்து முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணத்தில்தான் தொடங்கும்.

சொல்லின் வேரைத் தேடிப் போன அகராதிக்காரர்கள் கிரேக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அங்கே 'கௌமா' என்றால் சுட்டெரிக்கும் வெப்பம். லத்தீன் வழியாக மத்தியதரைக் கடலோர மொழிகளுக்கு வந்து, உச்சிவெயிலில் காற்று நின்று, ஆடுமாடும் ஆட்களும் நிழலுக்கு ஒதுங்கும் பொழுதைக் குறித்தது. அங்கிருந்து கடலுக்குப் போய், அசையாத நீரைக் குறித்தது. மனசுக்குள் குடிவந்தது அதற்கெல்லாம் பிறகுதான். அந்த உச்சிப்பொழுது நமக்கும் தெரிந்ததே. "ஒரு இலை ஆடல பாரு", "இறுக்கமா இருக்கு", "புழுக்கம் தாங்கல" என்று சொல்லிக்கொண்டு திண்ணையில் விசிறியோடு உட்காருவோமே, அதே நேரம்தான். அந்த நேரத்தை யாரும் நிம்மதி என்று சொல்வதில்லை. மழை வரப்போகிறது என்றோ, மழை ஏமாற்றிவிட்டது என்றோதான் சொல்வார்கள்.

பாய்மரக் காலத்தில் காற்று நின்றால் கப்பல் நின்றது. பூமத்தியரேகையை ஒட்டி ஒரு பட்டை உண்டு. வடக்கேயிருந்தும் தெற்கேயிருந்தும் வரும் காற்றுகள் அங்கே கூடி, வெப்பத்தில் மேலே எழும்பிவிடும். மேலே போகிற காற்று பாயைத் தள்ளாது. அந்தப் பட்டைக்குள் மாட்டிய கப்பல்கள் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் கிடந்ததுண்டு. குடிதண்ணீர் அளந்து ஊற்றப்படும். பாய் தொங்கும். மாலுமிக்குப் புயலைப் போலவே இதுவும் பயம்தான். புயலில் செய்ய வேலையாவது இருக்கும்.

புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பார்த்து "வளிதொழில் ஆண்ட உரவோன் மருக" என்கிறார். காற்றை வேலை வாங்கியவனின் வழித்தோன்றலே என்று. பழைய உரைகாரர் இதற்குச் சொல்லும் விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கப்பல் ஓடக் காற்றில்லாமல் போனபோது காற்றுக்குரிய தெய்வத்தை அழைத்து ஏவல் கொண்டான் சோழனின் முன்னோன் என்கிறார் அவர். எத்தனை பெருமைகள் சொல்லலாம் ஒரு மன்னனுக்கு! கடலில் காற்று நிற்பது எவ்வளவு பெரிய இக்கட்டு என்று தெரிந்த சமூகம்தான் இதைப் பெருமையாகச் சொல்லும்.

பதினெட்டு நூற்றாண்டு தாண்டி அதே இக்கட்டுக்கு ஒரு எண் வந்தது. பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த பிரான்சிஸ் பியூஃபோர்ட், 'வூல்விச்' என்ற கப்பலின் தலைவராக இருந்தபோது, 1806 ஜனவரியில் தன் நாட்குறிப்பில் காற்றின் வலுவுக்கு ஒரு அளவுகோல் எழுதிவைத்தார். அதற்கு முன் ஒரு தலைவர் பலத்த காற்று என்று எழுதுவதை இன்னொருவர் மிதமான காற்று என்று எழுதுவார். ஒரு கப்பலின் குறிப்பு இன்னொரு கப்பலுக்கு உதவாது. பியூஃபோர்ட் அதைக் கப்பல் பாய்களோடு கட்டிப்போட்டார். இந்தக் காற்றுக்கு இத்தனை பாய் விரிக்கலாம், இதற்கு இத்தனையைச் சுருட்ட வேண்டும் என்று. 12 என்பது எந்தப் பாயும் தாங்காத காற்று. சுழியம் 'காம்'. 1838-இல் இது பிரிட்டிஷ் கடற்படை முழுவதற்கும் கட்டாயமானது.

நீராவிக் கப்பல் வந்து பாய் போனபிறகு கடல்பரப்பின் தோற்றத்தை வைத்து அளவுகோலை மாற்றி எழுதினார்கள். தரையில் இருப்பவர்களுக்கும் அடையாளங்கள் சேர்ந்தன. அந்த வேலையில் பெரும்பங்கு ஜார்ஜ் சிம்ப்சனுடையது. அவர் சில ஆண்டுகள் சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் வேலை பார்த்தவர். தரைக்கான வரிசை இப்படித் தொடங்கும்: சுழியம், புகை நேராக மேலே போகும். ஒன்று, புகை சாயும், ஆனால் காற்றாடித் திசைகாட்டி திரும்பாது. இரண்டு, முகத்தில் காற்று தெரியும், இலைகள் சலசலக்கும். கருவி வேண்டாம், கணக்கு வேண்டாம். மாடு மேய்க்கும் பையன்கூட அளந்து சொல்லிவிடலாம். அறிவியலில் இப்படி எளிமையாக எழுதப்பட்ட பட்டியல்கள் குறைவு. அதனால்தான் பியூஃபோர்ட் அளவுகோல் இருநூறு ஆண்டு தாண்டியும் உயிரோடு இருக்கிறது.

ஊதுபத்தி ஒன்று போதும், நீங்களே பார்க்கலாம். தை மாதத்து விடியற்காலையில் மொட்டைமாடியில் ஒரு மூலையில் ஏற்றி வையுங்கள். புகை ஒரு முழம் உயரத்துக்கு நூல் பிடித்த மாதிரி நேராக ஏறும். அதற்கு மேலே லேசாக நடுங்கி, சுருள் சுருளாகப் பிரியும். அந்த நடுக்கம் காற்றால் வருவதில்லை. சூடான புகை வேகம் பிடித்துத் தானே குலைவது. ஆக, சுழியத்தில்கூட எதுவோ நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சூரியன் ஏறி ஒரு மணி நேரத்தில் புகை ஏதாவது ஒரு பக்கம் சாயத் தொடங்கும். அது எந்தப் பக்கம் என்று பார்க்கிற ஆசைதான் என்னை இந்தப் பழக்கத்தில் வைத்திருக்கிறது.

அந்த நேரான புகை அழகு. ஊரே சேர்ந்து எரிக்கும் நாளில் அதுவே ஆபத்து. போகியன்று விடியற்காலை சென்னையில் பழைய பாய், சாக்கு, பிளாஸ்டிக், சில இடங்களில் டயர்வரை கொளுத்துகிறார்கள். தை மாதத்து இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடக் குளிர்ச்சியாகி, கனமாகி, அப்படியே படுத்துக்கொள்ளும். மேலே சூடான காற்று மூடி போட்டுவிடும். கீழே காற்று 00000. புகை போக வழியில்லை, பனியோடு கலந்து நிற்கும். 2018 ஜனவரி 13, போகியன்று சென்னையில் ஓடுபாதையே தெரியாமல் போய் விமானங்கள் ரத்தாயின, பல வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. விமானம் நின்றால் செய்தியாகிறது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களும் கைக்குழந்தைகளும் அந்தக் காற்றையே பத்து மணிவரை சுவாசிக்கிறார்கள், அது செய்தியாவதில்லை. மற்ற நாளில் எரித்தாலும் தப்புதான். காற்று நின்ற விடியலில் எரிப்பது பக்கத்து வீட்டின் மூக்கில் புகையை ஊதுவதற்குச் சமம்.

எங்கள் பக்கத்தில் காற்று நின்றதற்காக அதிகம் கவலைப்பட்டவர்கள் களத்தில் இருந்தவர்கள். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதை இப்போது எல்லோரும் வாய்ப்பைப் பயன்படுத்து என்ற அர்த்தத்தில்தான் கேட்டிருப்பார்கள். நான் அதை நேரடிப் பொருளிலேயே பார்த்திருக்கிறேன். சம்பா அறுத்து, தாள் அடித்து, மாடு கட்டிப் போரடித்து, நெல் களத்தில் குவிந்து கிடக்கும். பதரும் தூசியும் கலந்த நெல். தூற்றுகிற ஆள் கூடையில் அள்ளித் தலைக்கு மேலே தூக்கி, காற்றுக்குக் குறுக்கே மெல்லச் சரிப்பார். மணி நேராகக் காலடியில் விழும். பதர் நாலடி தள்ளி விழும். தூசி அதற்கும் அப்பால் போகும். காற்று ஒரே சீராக வந்தால் ஒரு குவியல் கண்ணெதிரே இரண்டு குவியலாகும்.

காற்று நின்றால் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவார்கள். நாலு பேர் கூலி ஓடிக்கொண்டிருக்கும். வானத்தைப் பார்ப்பார்கள், தென்னை ஓலையைப் பார்ப்பார்கள், ஒரு பிடி பதரை எடுத்து மேலே வீசிப் பார்ப்பார்கள். அவசரமாக இருந்தால் இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக நின்று முறத்தால் வீசிக் காற்று உண்டாக்குவார்கள். அது கை வலிக்கிற வேலை, சரியாகவும் பிரியாது. மேகம் வேறு கூடிவிட்டால் முகங்கள் இருண்டுவிடும். இப்போது அறுவடை இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே விசிறி இருக்கிறது, எல்லாம் வயலிலேயே முடிந்துவிடுகிறது. யாரும் காற்றுக்குக் காத்திருப்பதில்லை. நல்லதுதான். அந்த வேலையின் கஷ்டம் தெரிந்தவர்கள் அதைத் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

இன்று காற்றுக்குக் காத்திருப்பது மின்வாரியம். ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல், கயத்தாறு, உடுமலைப் பக்கம் என்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கும் மேல் காற்றாலைகள் நிற்கின்றன. வைகாசி முதல் புரட்டாசிவரை காற்று சீசன். காற்றாலையின் இறகு சுழன்று மின்சாரம் தரத் தொடங்க நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகமாவது வேண்டும். அதற்குக் கீழே எல்லாமே அதற்குச் சுழியம்தான். சாயங்காலம் வீடுகளில் விளக்கெரியும் நேரத்தில் கணவாயில் காற்று படுத்தால், அந்த நிமிடமே அனல்மின் நிலையத்தையோ நீர்மின் நிலையத்தையோ ஏற்றியாக வேண்டும். ஈடு செய்ய அவர்கள் படும் பாடு நம் வீட்டு விளக்குக்குத் தெரியாமல் நடந்து முடிவதுதான் அவர்களுடைய வெற்றி.

கடல்பக்கம் வருவோம். ராமேசுவரத்தில், தனுஷ்கோடியில் ஆண்கடல், பெண்கடல் என்பார்கள். மன்னார் வளைகுடா பக்கம் சீறுவது ஆண்கடல், பாக் நீரிணைப் பக்கம் குளம்போலக் கிடப்பது பெண்கடல். சுற்றுலா வருகிறவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு பெண்கடலில் காலை நனைப்பார்கள். ஆடி மாதத்தில் பார்த்தால் அது சரிதான். தென்மேற்குக் காற்றுக்குத் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் நிலத்தின் மறைவில் ஒதுங்கிக்கொள்ளும். ஐப்பசியில் வாடை இறங்கினால் கதை தலைகீழ். 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியையும் அதற்குள் வந்துகொண்டிருந்த ரயிலையும் கொண்டுபோனது புயலோடு ஏறிவந்த கடல்தான். அந்தக் கரையில் எந்தக் கடலுக்கும் நிரந்தரக் குணம் கிடையாது. மீனவர் பேசும்போது கவனித்தால் தெரியும். கடல் சும்மா கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, உடனே காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அடுத்த வாக்கியம் வந்துவிடும்.

இதுவரை சொன்னது எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது புயலின் கண், அதாவது சுழலும் புயலின் நடுவில் காற்று அடங்கிக் கிடக்கும் இடம்.

'சைக்ளோன்' என்ற பெயரையே கொடுத்தவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், 1848-இல். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். வங்கக் கடலில் அடிபட்ட கப்பல்களின் குறிப்பேடுகளைச் சேர்த்துப் படித்து, காற்று ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்று மாலுமிகளுக்குப் புரியவைக்கப் பாடுபட்டவர் அவர். நடுவில் காற்றே இல்லாத இடம் ஒன்று உண்டு என்று தப்பிவந்த மாலுமிகள் சொன்னார்கள். அங்கே காற்று இருக்காது, ஆனால் நாலா பக்கத்திலிருந்தும் வரும் அலைகள் ஒன்றோடொன்று மோதிக் குன்றுபோல எழும். பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து வந்து பாயைப் பின்பக்கமாக அறையும், பாய்மரம் முறியும். முதல் காற்றில் தப்பி இரண்டாவதில் முடிந்த கப்பல்கள் பல.

நடுவில் ஏன் காற்று இல்லை? தாழ்வழுத்தத்தை நோக்கி எல்லாப் பக்கமிருந்தும் காற்று ஓடிவருகிறது. பூமியின் சுழற்சியால் அது நேரே வர முடியாமல் வளைகிறது. நெருங்க நெருங்கச் சுழலும் வேகம் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அந்தச் சுழற்சியே அதை வெளியே தள்ளுகிறது, மையத்தைத் தொட விடுவதில்லை. தயிர் கடையும்போது மத்தைச் சுற்றி நடுவில் குழி விழுகிறதே, அப்படி. உள்ளே வர முடியாத காற்று கண்ணின் சுவரில் மேலே ஏறுகிறது. அங்கேதான் கொடூரமான மழையும் வேகமும். ஏறியதில் கொஞ்சம் கண்ணுக்குள் மெல்லக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று மேகத்தைக் கரைக்கும். அதனால்தான் சிலசமயம் கண்ணுக்குள் நட்சத்திரம்கூடத் தெரியும். பாதுகாப்பாக இருப்பதுபோலத் தோன்றும் அந்த இடத்தில்தான் அழுத்தம் எல்லாவற்றிலும் குறைவு. இத்தனையையும் இழுத்து வைத்திருப்பதே அது.

2016 டிசம்பர் 12, வர்தா நாள். காலையிலிருந்து சென்னையில் வடக்கிலிருந்து காற்று. எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று தெற்கே சாய்ந்து சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. பிற்பகலில் அடங்கியது. ஜன்னல் அதிர்வது நின்றது. மழை தூறலானது. கதவுகள் திறந்தன. ஆட்கள் இறங்கி வந்தார்கள், விழுந்த கிளைகளின் முன்னால் நின்று படம் எடுத்தார்கள், ஒருவர் பால் வாங்கக் கிளம்பினார். 'கண் கடந்துகொண்டிருக்கிறது, வெளியே வராதீர்கள்' என்று தொலைக்காட்சியில் அறிவிப்புகள் வந்தபடி இருந்தன. மின்சாரம் இல்லாத வீடுகளில் அதை யார் பார்ப்பது? சிறிது நேரத்தில் தெற்கிலிருந்து அடித்தது. அதுவரை தெற்கே சாய்ந்து வேர் தளர்ந்திருந்த மரம் ஒரே தள்ளில் வடக்கே விழுந்தது. பத்து நிமிடத்துக்கு முன் பிள்ளைகள் நின்ற இடத்தில். நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் அன்று போயின.

இரண்டு வருடம் கழித்து கஜா. நான் ஊரில் இருந்தேன். அப்பாயியைப் பட்டுக்கோட்டைக்குள் கூட்டிப் போய்விடலாம் என்று போனவன், அவர் வர மறுத்ததால் அங்கேயே தங்கிவிட்டேன். புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பிறகு கரையேறி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை என்று உள்ளே வந்தது. எங்களுக்கு விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் உச்சம். வடக்கு வாசல் கதவுக்குப் பின்னால் ஐந்தாறு நெல் மூட்டையை அண்டைகொடுத்துவிட்டு, கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தென்னை முறிகிற சத்தம் பட்டாசு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கனமாக, ஈரமாக, தரைவழியாக வரும் சத்தம் அது.

பிறகு நின்றது. சித்தப்பா எழுந்து டார்ச்சை எடுத்தார்.

"எங்கடா போற?" என்றார் அப்பாயி.

"மாட்டப் பாத்துட்டு வந்துடுறேன் ஆத்தா. அதான் விட்டுருச்சே."

"எங்க விட்டுச்சு? இன்னும் ஒரு காத்து பாக்கி இருக்கு. தெக்கேருந்து வரும். மாட்ட அவுத்து விட்டுட்டு உடனே வா, நின்னு பாத்துக்கிட்டு இருக்காத. தம்பி, நீ அந்த மூட்டையெல்லாம் தெக்கு வாசலுக்கு இழு."

1955-இல் அதிராம்பட்டினத்தை ஒட்டிய ராஜாமடத்தில் புயல் கரையேறியபோது அப்பாயிக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு. கடல் உள்ளே ஏறி நூற்றுக்கணக்கானோர் செத்த புயல் அது. எங்கள் கரை தெற்கு பார்த்த கரை. முதலில் வரும் வடகாற்று கடலை வெளியே தள்ளும். கண் கடந்தபிறகு வரும் தென்காற்றுதான் கடலைத் திருப்பி ஊருக்குள் கொண்டுவரும். இது அப்பாயிக்கு வரைபடம் பார்த்துத் தெரிந்ததில்லை. அன்றைக்குக் காற்று நின்றதும் வெளியே போனவர்கள் யார் யார், அதில் திரும்பி வந்தவர்கள் யார் என்று பெயர் சொல்லிச் சொல்வார்.

நாங்கள் மூட்டைகளை இழுத்தோம். தெற்கு ஜன்னலின் கொக்கி தளர்ந்திருந்தது, கயிறு போட்டுக் கட்டினோம். விளக்கை மாற்றி வைத்தோம். சித்தப்பா மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடிவந்து கதவைச் சாத்தினார். இத்தனைக்கும் நேரம் இருந்தது. உட்கார நேரம் இல்லை. வந்த காற்று முதல் காற்றைவிட மோசம். கொட்டகையை அதுதான் கொண்டுபோனது, மாடுகள் உள்ளே இல்லை.

விடிந்ததும் தோப்புக்குள் போனோம். போனோம் என்று சொல்ல முடியாது, மரங்களின் மேல் ஏறி ஏறி நகர்ந்தோம். வேரோடு சாய்ந்தவை சில தெற்கே தலைவைத்துக் கிடந்தன. அவை முதல் காற்றில் போனவை. வடக்கே தலைவைத்துக் கிடந்தவைதான் அதிகம். முதல் காற்றுக்கு நின்றுவிட்டு, மண் ஊறி, வேர் இளகி, எதிர்ப்பக்கத் தள்ளுக்குத் தாங்காதவை. ஒரு மரத்தின் தூரில் இரண்டு பக்கமும் மண் பிளந்து இடைவெளி விட்டிருந்தது. அதற்குள் சித்தப்பா கையை விட்டுப் பார்த்தார். முழங்கைவரை போனது. தாத்தா வைத்த கன்று அது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் முழுக்க இப்படி லட்சக்கணக்கான தென்னை. கன்று வைத்தால் காய் பார்க்க ஐந்தாறு வருடம் என்கிற பயிர்.

அப்பாயி இப்போது இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அப்பாயி இருக்கப்போவதும் இல்லை. வானிலைத் துறை இன்று புயலின் பாதையைக் கணிப்பதில் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. சென்னையிலும் காரைக்காலிலும் டாப்ளர் ரேடார் இருக்கிறது, கண் எங்கே இருக்கிறது என்று அதில் தெரியும். அதன் அகலம் தெரியும், நகரும் வேகம் தெரியும். 20 கிலோமீட்டர் அகலக் கண் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அது நேராகக் கடக்கும் ஊருக்கு ஒரு மணி நேரம் காற்று நிற்கும். கண்ணின் ஓரத்தில் இருக்கும் ஊருக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். கண்ணுக்கு வெளியே இருக்கும் ஊருக்கு அந்த இடைவெளியே கிடையாது. அங்கே காற்று நிற்காமல் திசை மட்டும் திரும்பிக்கொண்டே போகும், பாதைக்கு வடக்கே இருந்தால் கிழக்கு வழியாக, தெற்கே இருந்தால் மேற்கு வழியாக. மூன்று ஊருக்கும் மூன்று விதமான இரவு.

'கண் கடக்கும்போது காற்று ஓயும், வெளியே வராதீர்கள்' என்ற பொது அறிவிப்பு வருகிறது, அது வேண்டியதுதான். அதற்கு மேல் நான் கேட்பது, ஊர்ப் பெயரும் நேரமும். அதிராம்பட்டினத்துக்கு, முத்துப்பேட்டைக்கு, கோடியக்கரைக்கு என்று தனித்தனியாக: இத்தனை மணிவாக்கில் நிற்கலாம், இத்தனை நிமிடம்வரை இருக்கலாம், அடுத்த காற்று இந்தத் திசையிலிருந்து. தோராயமாக இருந்தாலும் போதும். சாயங்காலமே, மின்சாரம் போவதற்கு முன்பே, ஊராட்சி ஒலிபெருக்கியிலும் பள்ளிவாசல், கோயில், மாதா கோயில் ஒலிபெருக்கிகளிலும் அதைச் சொல்லிவிட வேண்டும். எந்த வாசலுக்கு மூட்டை அண்டைகொடுப்பது, எந்தப் பக்கத்துச் சுவரை விட்டுப் பிள்ளைகளைத் தள்ளிப் படுக்கவைப்பது, மாட்டை எப்போது அவிழ்ப்பது என்பதையெல்லாம் கேட்டவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.